நீர் விட்டுச் செல்லும் கல்

படகின் மேனியில் வெண்புள்ளிகள் தோன்றுவது பெரும்பாலும் அது ஆற்றில் மிதந்துகொண்டிருக்கும் வேளையில் அன்று. கரையேற்றி, சேறும் பாசியும் போகவேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு ஆழ்துளைக் கிணற்று நீரை மொண்டு மொண்டு ஊற்றிக் கழுவி, துடைக்காமல் வெயிலில் விட்டுவிட்டுப் போன பின்னரே, காய்ந்த ஒவ்வொரு துளியும் தான் நின்ற இடத்தில் வெள்ளை வட்டம் ஒன்றை வைத்துவிட்டு மறைகிறது. பென்னாகரம் பக்கத்தில் இதை உப்புக்கறை என்பார்கள். குடத்தின் கழுத்திலும், வெந்நீர் அண்டாவின் அடியிலும், குழாயடிச் சிமெண்டுத் தளத்திலும், மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கிலும் தினந்தோறும் பார்த்துப் பழகிய கறைதான் அது. ஆயினும் நீரிலேயே பிறந்து நீரிலேயே காலம் கழிக்கும் ஒரு பொருளின்மீது அதைக் காணும்போது, அழுக்கைப் போக்கவென்று நாம் கொண்டுவந்த ஜலமே அழுக்காக நின்றுவிட்ட விபரீதம் மனத்தை உறுத்துகிறது.

பென்னாகரத்திலிருந்து மேற்கே இறங்கும் சாலை, புளியமரங்களையும் கேழ்வரகுக் கொல்லைகளையும் கடந்து காட்டுக்குள் புகுந்து, மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்கி, ஒகேனக்கல்லில் காவிரியின் கரையில் கொண்டுபோய் விடுகிறது. பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையத்தைத் தாண்டித் தமிழகத்துள் வரும் அந்த மகாநதி, இங்கே கரும்பாறைகளுக்கிடையே பல கிளைகளாகப் பிரிந்து விழுந்து, பின் குறுகிய பள்ளத்தாக்கு ஒன்றில் ஒடுங்கிச் சென்று மேட்டூர் நீர்த்தேக்கத்தை நோக்கி விரிகிறது. அருவிக்குக் கீழே அந்த ஒடுங்கிய நீரிலும், தெற்கே நாகமரை, ஒட்டனூர் ஆகிய துறைகளில் தேங்கி நிற்கும் அகன்ற நீர்ப்பரப்பிலும், மனிதரை ஏற்றிச் செல்ல நெடுங்காலமாக வழங்கிவருவது பரிசல். மூங்கிலைப் பிளந்து பிளாச்சுகளாக்கி, இரண்டு மீட்டருக்குச் சற்று மிகையான குறுக்களவில் வட்டமாகப் பின்னி, முற்காலத்தில் மாட்டுத் தோலையும் இக்காலத்தில் பிளாஸ்டிக் படுதாவையும் சாக்கையும் வெளிப்புறம் போர்த்தி, அதன்மேல் தாரைக் காய்ச்சிப் பூசிவிட்டால், எட்டுப் பேரைத் தாங்கும் கலம் ஒன்று ஏறக்குறைய ஒரே நாளில் உருவாகிவிடுகிறது.

இந்த வட்டக்கலத்தின் வமிசம் மிகப் பழையது. யூப்ரடீஸ் நதியில் ஆர்மீனியாவிலிருந்து பாபிலோனுக்கு மிதந்து வந்த தோல்படகுகளைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் வருணித்திருக்கிறார். சரக்கை விற்ற பின் சட்டத்தையும் விற்றுவிட்டு, தோலை மட்டும் கூடவே ஏற்றி வந்த கழுதையின் முதுகில் போட்டுக்கொண்டு வணிகர் ஊர் திரும்பினர் என்று அவர் எழுதுகிறார். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் தொமிங்கோ பயேஸ், துங்கபத்திரையில் கூடை போன்ற வட்டப் படகுகளில் ஜனங்கள் கடந்ததைப் பதிவு செய்திருக்கிறார். பாபிலோனுக்கு வந்த அந்த வணிகன் சட்டத்தை விற்றான், தோலை விற்கவில்லை என்ற விவரத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். படகில் அருமையான பாகம் எது என்பதை அவன் அறிந்திருந்தான்: நீரைத் தொடும் அந்த மெல்லிய மேற்புறம்தான் படகு, மற்றதெல்லாம் அதைத் தாங்கும் எலும்பு.

தார் பூசிய பரிசலுக்கு உப்புக்கறை ஒரு குறையாகத் தோன்றுவதில்லை. கறுப்பின்மேல் வெள்ளை பளிச்சென்று தெரிந்தாலும், பரிசலோட்டி அதைப் பொருட்படுத்துவதில்லை. அடுத்த முறை தார் பூசும்போது எல்லாம் அதனுள் மறைந்துவிடும். ஃபைபர் படகு என்று நாம் சொல்லும் கண்ணாடியிழைப் படகின் கதை வேறு. ஏற்காட்டு ஏரியிலும் உதகை ஏரியிலும் சுற்றுலாப் பயணிகள் ஏறிச் செல்லும் அத்தகைய படகுகளின் மேற்புறத்தில், ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமே உள்ள பளபளப்பான பிசின் பூச்சு ஒன்று இருக்கிறது. நிறமும் பளபளப்பும் நீர்க்காப்பும் அந்த அரை மில்லிமீட்டருக்குள் அடங்கியவை. அதன்மேல் படியும் கறையை எடுப்பவன் அந்தப் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடாதிருக்க வேண்டும் என்பதே இந்தக் காரியத்தின் முழு நுணுக்கமும்.

கறை பிறக்கும் விதத்தைச் சற்று நிதானித்துப் பார்ப்போம். வானத்திலிருந்து இறங்கும் மழை, வழியில் காற்றிலும் பின்பு மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை உட்கொண்டு, மிக மெலிந்த அமிலமாகிப் பாறைகளுக்குள் இறங்குகிறது. அங்கே சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு, பைகார்பனேட் என்ற வடிவில் அவற்றைக் கண்ணுக்குத் தெரியாமல் சுமந்து நிற்கிறது. மோட்டார் அந்த நீரை மேலே இழுத்துக் கொட்டும்போது அது தெளிவாகவே இருக்கிறது. ஆனால் சூடேறினாலோ, வெயிலில் ஆவியானாலோ, கரியமில வாயு பறந்துபோக, கரைந்திருந்த சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகிவிடுகிறது. துளி வட்டமாகவும், அதன் விளிம்பு நடுவைக் காட்டிலும் வெளுப்பாகவும் இருப்பதற்குக் கூடக் காரணம் உண்டு. துளியின் ஓரம் விரைவாக உலர்வதால், நடுவிலுள்ள நீர் ஓரத்தை நோக்கி ஓடி, தான் சுமந்ததையெல்லாம் அங்கே குவிக்கிறது. சிந்திய காபி காயும்போது வளையமாகக் காய்வது ஏன் என்று ஆராய்ந்த சிகாகோ பல்கலைக்கழக விஞ்ஞானிகள், 1997-இல் இந்த ஓட்டத்தை விளக்கினார்கள். ஆகவே படகின்மேல் நாம் காணும் வெள்ளை வளையம், நீரால் பல காலம் பூமிக்கடியில் கரைக்கப்பட்டு, அரைமணி நேர வெயிலில் திரும்பவும் கட்டிய பாறையே ஆகும்.

அந்தப் பாறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தர்மபுரிச் சீமையின் அடித்தளம் மிகப் புராதனமான கெட்டிப்பாறை. அது உளுத்து மண்ணாகும் இடங்களில் சுக்கான் கல் உருண்டை உருண்டையாக வெளிப்படுவதைக் கிணறு தோண்டுகிறவர்கள் அறிவார்கள். அதோடு, ஒகேனக்கல்லில் பூகர்ப்ப சாஸ்திரிகள் போற்றும் ஒரு விசேஷமும் உண்டு. கார்பனடைட் என்ற அபூர்வமான பாறை அங்கே இருக்கிறது. சுண்ணாம்புக் கல் என்றால் கடலடியில் சிப்பிகளும் சேறும் படிந்து உண்டானது என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். இதுவோ பூமியின் ஆழத்திலிருந்து உருகிய குழம்பாக எழுந்து உறைந்த சுண்ணாம்பு. அதன் வயது ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகள் என்று கணித்திருக்கிறார்கள். இன்றைக்கு அவ்விதக் குழம்பைக் கக்கும் எரிமலை உலகத்தில் ஒன்றே ஒன்று, தான்சானியாவிலுள்ள ஓல் டொய்ன்யோ லெங்காய். அதன் கரிய குழம்பு காற்றின் ஈரம் பட்டதும் வெளுத்துவிடுமாம். எல்லாப் புள்ளிகளும் இந்தக் கார்பனடைட்டிலிருந்து வந்தவை என்று நான் சொல்ல வரவில்லை. சாதாரணப் பாறைகளிலுள்ள சுண்ணாம்பே போதுமானது. ஆனாலும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வறுத்த மீன் வாங்கித் தின்று திரும்பும் ஜனக்கூட்டம், தாங்கள் மிதித்து நடக்கும் கல்லின் வயதை ஒரு கணமாவது நினைத்துப் பார்த்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றுகிறது.

இனிக் கறையைப் போக்கும் விதம். நம் சமையலறை இதை வெகுகாலமாக அறிந்திருக்கிறது. இட்லிப் பானையின் அடியில் ஊற்றும் நீரில் ஒரு சிட்டிகைப் புளியையோ, பிழிந்து எறிந்த எலுமிச்சை மூடியையோ போட்டுவைக்கும் பெண்கள், பாத்திரத்தில் வெள்ளை ஏறாதிருக்க அதைச் செய்கிறார்கள். புளியிலுள்ள டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலமும் வினிகரிலுள்ள அசிட்டிக் அமிலமும் செய்வது ஒரே வேலைதான்: சுண்ணாம்பைக் கரைத்து, அதனுள் பிணைந்திருந்த கரியமில வாயுவைச் சிறு குமிழிகளாகப் பறக்கவிட்டு, எஞ்சியதை நீரோடு போகும் உப்பாக மாற்றுகின்றன. மழைநீர் பாறைக்குள் செய்த அதே காரியம் இங்கே துரிதமாக நடக்கிறது. பங்குனி, சித்திரையில் வீட்டுக்கு வீடு புளியம்பழத்தைத் தட்டி ஓடும் கொட்டையும் நீக்கும் இந்தப் பிரதேசத்தில், உப்புக்கறைக்கு மருந்து தேடிக் கடைக்குப் போகவேண்டிய அவசியமே இல்லை. படகுக்கு மட்டும் புளியைவிட வினிகர் உத்தமம். புளிக்கரைசலின் பழுப்பு வெள்ளைப் பூச்சில் தன் சாயத்தை வைத்துவிடக்கூடும்.

செய்முறையில் அவசரம் ஆகாது. முதலில் ஆற்று நீரையோ, சேர்த்து வைத்த மழைநீரையோ ஊற்றி மணலையும் தூசியையும் போக்கிவிட வேண்டும். மணல் இருக்கும்போது துணி போட்டுத் தேய்த்தால் கறையைவிடப் பெரிய காயம் உண்டாகும். பின்பு வினிகரில் சம அளவு நல்ல நீரைக் கலந்து, பழைய வேட்டித் துணியை அதில் நனைத்து, கறையின்மேல் சில நிமிஷங்கள் போர்த்திவைக்க வேண்டும். தேய்க்கும் வேலையைக் கைக்குக் கொடுக்காமல் காலத்துக்குக் கொடுப்பதுதான் இதில் சூட்சுமம். துணியை எடுத்து மெதுவாக ஒற்றித் துடைத்தால் பெரும்பாலான வெண்மை கூடவே வந்துவிடும். வராத இடத்தில் மறுபடியும் போர்த்த வேண்டும். பிறகு நிறைய நல்ல நீரால் அலசி, ஒரு துளியும் நிற்காமல் உலர்ந்த துணியால் துடைத்து, மெழுகு பூசிவிட வேண்டும். நிழலில் செய்வது நலம், ஏனெனில் வெயிலில் வினிகரும் காய்ந்து தன் பங்குக்கு ஒரு கறையை வைக்கும்.

குளியலறைத் தரைக்கு ஊற்றும் ஆசிட்டை இதற்குக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். அது கறையைத் தின்னும், ஆனால் அதோடு நிற்காது. உலோகத் திருகாணிகளையும் அலுமினியத்தையும் அரிக்கும், ஊற்றுகிறவனின் கையையும் மூச்சையும் வருத்தும். அதைவிட ஆபத்து, வெள்ளை போகட்டும் என்று அமிலத்தோடு பிளீச்சிங் பவுடரைக் கலப்பது. அந்தக் கலப்பிலிருந்து குளோரின் என்ற விஷவாயு கிளம்புகிறது. இரும்பு நாரும் வேண்டாம். தார் பூசிய பரிசலின்மேல் மண்ணெண்ணெய்த் துணியும் வேண்டாம், அது தாரையே கரைத்துவிடும். துறையில் ஒரு முதிய பரிசலோட்டியிடம் இதையெல்லாம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர், “ஆத்துலயே அலசி, ஈரத்தோட துடைச்சு வச்சுட்டா எதுக்குங்க இவ்வளவு பாடு? போர்த் தண்ணி ஊத்தறதாலதான் வருது வினை” என்றார். சாஸ்திரம் முழுவதையும் அந்த இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டார்.

அவர் சொன்ன ஈரம் என்ற ஒன்றை நான் திரும்பத் திரும்ப நினைத்திருக்கிறேன். கறைக்குப் பருவங்கள் உண்டு. நீர் காயாத வரையில் கறை என்ற ஒன்றே இல்லை. ஒரு துணி போதும். காய்ந்து சில நாட்களேயானால் மேலே சொன்ன மெல்லமிலம் கரைத்துவிடும். பல வெயில்களும் பல கழுவல்களும் அடுக்கடுக்காக ஏறிவிட்டால், சுண்ணாம்போடு மக்னீசியமும் சிலிக்காவும் கூடி இறுகுகின்றன. சிலிக்காவைப் புளியும் வினிகரும் அசைக்கமாட்டா. அந்நிலையில் மெருகேற்றும் பசையைக் கொண்டு தேய்க்க நேர்கிறது. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அந்த அரை மில்லிமீட்டரிலிருந்து ஓர் அணு குறைகிறது. அதற்கும் அப்பால், புள்ளி விழுந்த இடமே பள்ளமாகிப் பூச்சு மங்கிவிடும் நிலை ஒன்று உண்டு. அப்போது எடுப்பதற்குக் கறை என்று தனியாக எதுவும் இருப்பதில்லை. படகின் மேனியே அவ்விதமாகிவிட்டிருக்கும்.

இந்தக் கடைசிப் பருவத்தைப் பற்றி எழுதும்போது, பென்னாகரத்தில் பிறந்தவன் படகோடு நின்றுவிட முடியாது. இவ்வட்டாரத்துக் கிராமங்களில் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பெண்களையும், பழுப்புப் பட்டைகள் ஓடிய பற்களோடு பள்ளிக்கு வரும் குழந்தைகளையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதுவும் நீர் இட்ட கறையே. பூமிக்குள் உள்ள பாறைகளின் சில கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு என்ற பொருள் நீரில் கரைகிறது. எட்டு வயதுக்குள், ஈறுக்கடியில் பல்லின் எனாமல் உருவாகிக்கொண்டிருக்கும் பருவத்தில், அது அளவுக்கு மிஞ்சி உடலில் சேர்ந்தால் எனாமல் குறையுடனேயே அமைகிறது. பல் முளைத்து வெளிவரும்போதே கறையோடு வருகிறது. எந்தப் பொடியும் எந்தத் தூரிகையும் அதைத் தேய்த்துப் போக்க முடியாது. பல்லோடு நின்றாலும் பாதகமில்லை; ஆண்டுக்கணக்கில் அதிகமாகச் சேர்ந்தால் எலும்பிலும் மூட்டிலும் முதுகுத்தண்டிலும் ஏறி, நடுவயதிலேயே மனிதனைக் கூனனாக்கி முடக்குகிறது.

உலகம் இதைக் கண்டுகொள்ளப் பல காலம் பிடித்தது. 1901-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குத் தொழில் செய்யப் போன பல் மருத்துவர் ஃபிரடெரிக் மக்கே, அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறையைக் கண்டு திகைத்து, அதன் காரணத்தைத் தேடுவதிலேயே தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டார். நீரில்தான் ஏதோ இருக்கிறது என்பதை உணர்ந்த அவருக்கு, அது ஃபுளோரைடு என்ற விடை 1931-இல் அலுமினியக் கம்பெனி ஒன்றின் ரசாயனி சர்ச்சில் மூலமாகக் கிடைத்தது. நம் பக்கத்தில், சென்னை ராஜதானியைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில் எலும்பை முடக்கும் இந்நோயை மருத்துவ ஆய்வாளர் ஷார்ட்டும் அவருடன் உழைத்தவர்களும் 1937-இல் விவரித்து எழுதினார்கள். அதற்குப் பின் எழுபது ஆண்டுகளுக்கு மேல் தர்மபுரிக் குழந்தைகள் அதே நீரைக் குடித்தார்கள் என்பதை எண்ணும்போது எழும் துக்கத்தை மறைக்க நான் விரும்பவில்லை. காரணம் தெரிந்திருந்தது, பென்னாகரத்திலிருந்து பதினைந்து, இருபது கிலோமீட்டரில் காவிரி ஓடிக்கொண்டிருந்தது, நடுவில் ஒரு மலையேற்றம்தான்.

2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ஜப்பான் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையின் கடனுதவியோடு கட்டி முடிக்கப்பட்டு, 2013-இல் இயங்கத் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஆற்று நீரை எடுத்துச் சுத்திகரித்து மலையேற்றித் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்களுக்குக் கொண்டுசெல்கிறது. அதன் பெயரிலேயே ஃபுளோரைடு நோயைத் தணிப்பது என்ற நோக்கமும் சேர்ந்திருப்பது எனக்கு மிகுந்த ஆறுதலைத் தருகிறது. “ஒகேனக்கல் தண்ணி வந்துடுச்சா?” என்று தெருவில் ஒருவரையொருவர் விசாரிப்பது இப்போது எங்கள் ஊர்களின் அன்றாடப் பேச்சு. ஆனால் அந்த நீர் வராத நாட்களில் கை தானாகவே ஆழ்துளைக் கிணற்றுக் குழாயைத் திருப்புகிறது. அங்கேதான் நம் கண் நம்மை ஏமாற்றுகிறது.

ஏனெனில் உப்புக்கறையைக் கொண்டு நீரின் குணத்தை நிர்ணயிப்பது எங்கள் ஊர் வழக்கம். பாத்திரத்தில் வெள்ளை படிந்தால் கெட்ட தண்ணீர், படியாவிட்டால் நல்ல தண்ணீர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு. அதனால் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, படகு அழகு கெடும். குடிப்பவருக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. ஃபுளோரைடோ படகின்மேல் கண்ணுக்குப் படும்படி எதையும் எழுதிவைப்பதில்லை. அதற்கும் மேலாக, சுண்ணாம்பு மிகுந்த நீரில் ஃபுளோரைடு அதிகமாகக் கரைந்து நிற்க இயலாது. இரண்டும் கூடிப் படிந்துவிடும். சோடியம் மிகுந்து சுண்ணாம்பு குறைந்த காரநீரில்தான் அது தடையின்றிப் பெருகுகிறது. ஆகவே நன்றாக நுரைக்கும், கறையே வைக்காத, வாய்க்கு இதமான ஒரு கிணற்று நீர், பக்கத்துத் தோட்டத்தின் உப்புத் தண்ணீரைவிடக் குழந்தைக்குக் கொடியதாக இருக்கக்கூடும். தன்னை வெளிக்காட்டிக்கொள்ளும் கறை யோக்கியமானது என்றே நான் கருதுகிறேன்; அதனிடம் பயப்பட ஒன்றுமில்லை, துணியும் வினிகரும் போதும்.

காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று பல தாய்மார்கள் நம்புகிறார்கள். கிருமிகளுக்கு அது சரி. சுண்ணாம்பும் காய்ச்சும்போது ஓரளவு அடியில் படிந்து நீங்கும். அண்டாவின் வெள்ளையைப் பார்த்து, தண்ணீரிலிருந்த தீமையெல்லாம் இறங்கிவிட்டது என்று மனம் சமாதானம் அடைகிறது. ஃபுளோரைடு அப்படிப் போவதில்லை. நீர் ஆவியாகக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடுகிறது. இந்தியத் தர நிர்ணயம் ஒரு லிட்டர் குடிநீரில் ஒரு மில்லிகிராம் ஃபுளோரைடை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்து எல்லையாக ஒன்றரை மில்லிகிராமையும் வைத்திருக்கிறது. கண்ணாலும் நாவாலும் அந்த வித்தியாசத்தை எவராலும் அறிய முடியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடம் தர்மபுரியில் இருக்கிறது; புதிதாக ஆழ்துளைக் கிணறு போடுகிறவர் மோட்டாரை இறக்கிய கையோடு, ஒரு புட்டி நீரை அங்கே கொடுத்து ஃபுளோரைடு எவ்வளவு என்று எழுதி வாங்கிவிட வேண்டும். எண் மிகுந்து வந்தால் அந்தக் கிணறு மாட்டுக் கொட்டகைத் தரைக்கும் தோட்டத்துக்கும் படகு கழுவுவதற்கும் இருக்கட்டும்; கழுவிய பின் ஈரத்தோடு துடைத்துவிடலாம். சோறு வடிக்கவும், குழந்தையின் பாலில் கலக்கவும், குடத்தில் நிரப்பவும் ஒகேனக்கல் தண்ணீரையே காத்திருந்து பிடிக்க வேண்டும். அது வராத நாளுக்கென்று கூரை மழைநீரை மூடிய தொட்டியில் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.